ஆட்சேபிக்காத நாடுகள்

பாப்பாவின் அப்பாவுக்கு,

இவ்வளவு ராத்திரியில் எழுதுவதற்கு மன்னிச்சிடுங்க. போனில் என்றால் எப்போதும் போல "சரிங்க" என்று சொல்லிவிடுவேன்.

இன்று ஏனாத்தூர் கல்லூரியில் விண்வெளிச் சட்டம் பாடம் நடத்தினேன். முதல் செயற்கைக்கோள் தங்கள் தலைக்கு மேலே போனபோது எந்த நாடும் ஆட்சேபிக்கவில்லை, அந்த மௌனமே பிறகு வழக்கச் சட்டமானது என்றேன். நெசவு வீட்டுப் பெண் சந்தியா எழுந்தாள்.

"எங்க தெருவுல தறிக்குப் பாவு நூலை நீட்டிக் கட்டினா பைக்குல வர்றவங்க சுத்திக்கினு போறாங்க மேடம். அதை யாரு எழுதி வெச்சாங்க?"

"அதேதான்மா."

"பிடிக்காத நாடு என்ன பண்ணும்?"

"வழக்கமாகிறதுக்கு முன்னாடியே வேணாம்னு சொல்லணும். சொல்லிக்கினே இருக்கணும்."

அந்தப் பதிலை எனக்கே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது.

ஒரே வருஷம் என்று துபாய் போனீங்க. இரண்டாம் வருஷத்துக்கு நீட்டினபோதும் நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது இன்னும் மூன்று வருஷ ஒப்பந்தம் என்கிறீங்க. அப்பா எங்கே என்று கேட்டால் பாப்பா போன் சார்ஜரைக் காட்டுகிறாள்.

எட்டுப் பேர் படுக்கிற அறையில் நீங்க படும் பாடு தெரியும். கோபம் இல்லை. ஆனால் எனக்கு இதில் சம்மதமும் இல்லை.

வியாழக்கிழமை கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பதில் எழுதுங்க.

இப்படிக்கு,
உங்கள் மனைவி