தலை எது, கால் எது

மார்ச் 4

வாரப் பத்திரிகையில் ஜோசியத்தைக் கிண்டலடித்துப் பத்தி எழுதிப் பிழைப்பவள் நான். இப்போது குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு டாரட் ஜோசியச் சீட்டு போட்டுப் பார்க்கிறேன். கிண்டல் செய்யத்தான் வாங்கினேன், சத்தியமாக. மூன்று கட்டுகள், மூன்றும் பழைய ஓவியப் பாணிகளில் வரைந்தவை. ஒன்று போதாதா என்று யாராவது கேட்டால், ஆராய்ச்சி என்று சொல்வதாக உத்தேசம்.

மார்ச் 6

இம்ப்ரெஷனிசச் சீட்டுக்கட்டில் எல்லாமே மூக்குக்கண்ணாடி போடாமல் பார்த்த மாதிரி இருக்கிறது. சூரியனா நிலாவா என்றே தெரியவில்லை. ஆர்ட் நூவோ கட்டில் அத்தனை பேருக்கும் இடுப்புவரை கூந்தல், அதைச் சுற்றிக் கொடி. மரணம் என்ற சீட்டில் இருப்பவனுக்குக்கூட நல்ல முடி. என் தலையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கட்டை மூடி வைத்தேன்.

மிச்சம் கியூபிசம், எதையும் துண்டு துண்டாக உடைத்து வரைகிற பாணி. காது இருக்கவேண்டிய இடத்தில் முழங்கை. எழுத்தும் கிடையாது, எண்ணும் கிடையாது.

மார்ச் 9

பிடிபட்டேன்.

"அண்ணி, உள்ள யார்கூட பேசிட்டிருக்கீங்க?" என்று நாத்தனார் கதவைத் தட்டினாள். மாடி அறையில் இருப்பவள். படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் வேலை. விவாகரத்து வாங்கிக்கொண்டு வந்த நாளிலிருந்து எங்களோடுதான். கொஞ்ச காலமாக ஒரு பல் டாக்டரோடு பழக்கம், அவரும் அவ்வப்போது வீட்டுக்கு வந்து போவார்.

கதவைத் திறந்தேன். சிரிப்பாள் என்று பார்த்தால், உள்ளே வந்து எதிரில் உட்கார்ந்துவிட்டாள். "பல் டாக்டர் கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டுட்டார். என்ன சொல்லட்டும்? போட்டுப் பாருங்க."

சீட்டுகளைக் கலைத்து நீட்டினேன். கியூபிசக் கட்டிலிருந்து ஒன்றை உருவினாள். தொங்கும் மனிதன், காலில் கயிறு கட்டித் தலைகீழாகத் தொங்குபவன். அவனுக்குத் தலை கீழே இருந்தால்தான் சீட்டு நேராக வந்ததாகக் கணக்கு; அதற்குப் பொருள், பொறுத்திரு. கவிழ்ந்து வந்தால், பொறுத்தது போதும், கிளம்பு. ஆனால் இந்தக் கட்டில் கயிறே நாலு துண்டாக நாலு பக்கமும் கிடக்கிறது. தலை எது, கால் எது?

"எங்க கடைப் படம்னா பின்னால கொக்கி இருக்கும், எது மேல்பக்கம்னு பார்த்துக்கலாம்," என்றாள்.

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நேராத்தான் வந்திருக்கான். பொறுத்திரு," என்றேன்.

"சரி அண்ணி."

அவ்வளவுதான். எழுந்து மாடிக்குப் போய்விட்டாள்.

மார்ச் 10

அவள் போய்விட்டால் எதிர்வீட்டுச் சமாசாரத்தை நான் யாரிடம் சொல்வது? இவரிடமா? "அப்படியா" என்று சொல்லிவிட்டு டிவியில் மூழ்கிவிடுவார். எதிர்வீட்டுக்காரர் தலைக்குச் சாயம் பூசி, தலையணையெல்லாம் கறுப்பான கதைக்கு அவள் சிரித்த சிரிப்பு — அது எந்த டிவியில் வரும்?

மார்ச் 19

டாக்டர் இந்தப் பக்கம் வரவே இல்லை. இவருக்கு என் மேல்தான் சந்தேகம். "என் தங்கச்சி பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்ததெல்லாம் போதும். பல்லைக் காட்ட ஒரு இடம் கிடைச்சிருக்கு. நீ ஏதாவது ஓதினியா?"

"நானா?" என்றேன். நடிப்பில் இந்த வீட்டில் என்னை மிஞ்ச ஆளில்லை. ஆனாலும் சோறு இறங்கவில்லை.

மார்ச் 22

இறங்கவே இல்லை.

மார்ச் 23

மாடிக்குப் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். உட்காராமலே சொல்லிவிட்டேன்: "அந்தச் சீட்டு நேரா வந்துச்சா, கவிழ்ந்து வந்துச்சான்னு எனக்குத் தெரியலைடி. நீ போயிடக் கூடாதுன்னு அப்படிச் சொல்லிட்டேன்."

மடித்த புடவையை நீவிவிட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்: "இப்ப எந்தப் பக்கம் தெரியுது?"

"கிளம்புன்னு தெரியுது."

"யோசிச்சுச் சொல்லுங்க. அப்புறம் சீட்டு மேல பழி போடக் கூடாது."

"போ. ஆனா சாயங்காலம் தவறாம போன் பண்ணு. எதிர்வீட்டுல புதுசா நாய் வாங்கியிருக்காங்க."

சிரித்தாள். நான் மூக்கைச் சிந்திக்கொண்டு கீழே வந்தேன். அந்த நாயும் கறுப்பு.

ஏப்ரல் 27

பதிவுத் திருமணம் முடிந்தது. சாட்சிக் கையெழுத்து நான்தான் போட்டேன். ஒரு சீட்டைத் திருப்பி ஒரு வாழ்க்கையையே திருப்பிவிட்டேன் என்று பெருமையாகத்தான் இருந்தது. இதையே அடுத்த பத்தியாக எழுதலாம் என்றுகூட நினைத்தேன்.

மே 2

அவர்கள் வீட்டில் சாப்பாடு. சுவரெல்லாம் வெளிர்பச்சை, கண்ணுக்கு இதமாக இருந்தது. டாக்டரிடம் சொன்னேன்.

"அவ தேர்ந்தெடுத்த நிறம்தான். ஜனவரியிலேயே, 'நான் இருக்கப்போற வீடு'ன்னு பெயிண்டர்கூடவே நின்னு அடிக்க வச்சா," என்றார்.

என் சீட்டுக்கட்டுகள் தபாலில் வந்ததே பிப்ரவரி கடைசியில்தான்.