வரிசை மாறிய பெருக்கல்

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. நீயும் அண்ணியும் நலமாக இருக்கிறீர்களா? பெயிண்ட் கம்பெனியில் உன் இடத்துக்கு வந்தவர் நாள் முழுக்க விசிலடித்தபடியே சாயம் கலக்குகிறார். மேனேஜர் கண்ணாடியை மாற்றிவிட்டார், குணத்தை மாற்றவில்லை.

அண்ணி போனில் ஒன்று சொன்னார். சமையலில் உப்புப் போடக்கூட அவரைக் கூப்பிடுகிறாயாம். என் கைக்கு அளவு மறந்துபோச்சு என்கிறாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தப் பள்ளிக்கூட ஆர்டர் நினைவிருக்கும். சாயப் பசை தீர்ந்துபோனதால் நேரே பொடியிலிருந்து கலக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு நிறத்துக்கும் எந்தப் பசை எவ்வளவு என்று ஓர் அட்டவணை, ஒவ்வொரு பசையிலும் எந்தப் பொடி எவ்வளவு என்று இன்னொன்று. இரண்டையும் மேட்ரிக்ஸாகப் பெருக்கினால் பொடிக் கணக்கு வந்துவிடும். கம்ப்யூட்டரில் பத்து வரி ஸ்கிரிப்ட் எழுதி, அது தந்த அளவுத் தாளை அச்சடித்து உன்னிடம் கொடுத்துவிட்டு, ஆபீஸ் முழுக்கப் பீற்றிக்கொண்டேன். சரிபாத்துட்டியா என்று நீ கேட்டாய். பாத்தாச்சு, நீ கொட்டு என்றேன். பார்க்கவில்லை அண்ணா.

பெருக்கும்போது எது முன்னால், எது பின்னால் என்பது முக்கியம். நான் மாற்றிப் போட்டிருந்தேன். நான்கு நிறமாக இருந்திருந்தால் பெருக்க முடியாது என்று ஸ்கிரிப்ட் நின்றிருக்கும். மூன்று நிறம், மூன்று பசை, மூன்று பொடி என்பதால் சத்தமில்லாமல் ஒரு விடையைத் தந்துவிட்டது. வெளிர்நீலம் சேறாக வந்தது.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. மேனேஜர் விசாரணைக்குக் கூப்பிடும் முன்பே ஸ்கிரிப்டைத் திருத்தி, பழைய தாள் இருந்த இடத்தில் சரியான அளவோடு புதுத் தாள் அச்சடித்து வைத்துவிட்டேன். விசாரணையில் நீ அதையே பார்த்துக்கொண்டு நின்றாய். என் கைதான் தவறிடுச்சு போல சார் என்றாய். நான் பக்கத்திலேயே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேலை போய்விடும் என்ற பயம். கடைசியில் போனது உன் வேலை.

பழைய தாளை அன்றே எடுத்து ஒளித்து வைத்தேன். அது இந்த உறைக்குள் இருக்கிறது. ஓரத்தில் உன் கட்டைவிரலின் நீல ரேகை. அன்று நீ கொட்டிய அளவெல்லாம் எழுதியிருக்கும் கலவைப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். தாளில் இருந்ததைத்தான் போட்டிருக்கிறாய், ஒரு கிராம்கூடப் பிசகவில்லை. இதன் நகலை இன்று காலை மேனேஜர் மேசையில் வைத்துவிட்டேன். இனி அவர் பாடு, என் பாடு.

மன்னிப்பாயா என்று கேட்க எனக்கு வாயில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். இன்றைக்குச் சமையலில் உப்பை நீயே போடு அண்ணா. யாரையும் கூப்பிடாதே.

உன் தங்கை