ஓரக்கண்ணில் வராதவன்

ராமகுப்பம்
7-4-2025

அன்புத் தம்பி கிரணுக்கு,

அக்கா ரோகிணி எழுதுகிறேன். நானும் உன் மாமாவும் நலம். பட்டுப்புழுக்களுக்கு மல்பெரி இலை வெட்டிப் போட்டே என் இடுப்பு ஒடிகிறது.

அமாவாசைதோறும் ஆளுக்கொரு படம் வரைந்து அனுப்பிக்கொள்கிறோமே, இந்தத் தடவை நீ வரைந்தது நேற்று வந்தது. அஸ்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் மோதி ஒன்றாகிக்கொண்டிருக்கும் அந்த இரண்டு கேலக்ஸிகள். ஒருவர் படத்தைப் பார்த்து மற்றவர் வரையக்கூடாது, அவரவர் கண்ணில் பட்டதை மட்டும் வரையவேண்டும் என்றுதானே போன் வேண்டாம், தபால் போதும் என்று வைத்திருக்கிறோம்? இரண்டுக்கும் நீளமாக வால் வரைந்திருக்கிறாயே, அது எங்கேயிருந்து வந்தது? நாம் ஆளுக்கொன்றாக வைத்திருக்கும் எட்டங்குல டெலஸ்கோப்பில் ஒட்டிக்கிடக்கும் இரண்டு வெள்ளைத் திட்டுகள்தான் தெரியும். வால் பெரிய போட்டோவில்தான் விழும். அதுவுமில்லாமல் நம் டெலஸ்கோப் எல்லாவற்றையும் தலைகீழாகக் காட்டும். உன் படம் நேராக நிற்கிறது. திருட்டுப் பயலே, என்னையே ஏமாற்றப் பார்த்தாயா?

சோம்பேறித்தனம் என்றால் திட்டிவிட்டுப் போகிறேன். வேறு ஏதாவது என்றால் மறைக்காமல் எழுது.

உன் அக்கா
ரோகிணி

ஸ்ரீ சிட்டி
14-4-2025

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டு வந்து சேர்ந்தது. போட்டோவைப் பார்த்துத்தான் வரைந்தேன்.

அன்றைக்கு என்னோடு சிட்டிபாபுவும் ஏரிக்கரைக்கு வந்தான். கோடவுனில் கூட வேலை செய்கிறவன், என் ரூமில்தான் இருக்கிறான். டெலஸ்கோப்பில் முதல் தடவை கண் வைத்தவன், "டேய், வெள்ளையா ரெண்டு கீது பாரு, ஒட்டிக்கினு" என்றான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மங்கலானது நேராகப் பார்த்தால் மறைந்துவிடும், ஓரக்கண்ணால் பார் என்று நீதானே சொல்லுவாய். என் ஓரக்கண்ணில் வெறும் இருட்டுதான் அக்கா.

திருப்பதியில் டாக்டரிடம் காட்டினேன். கண்ணில் பிரஷர் ஏறி நரம்பு கெட்டுப்போச்சாம். பக்கவாட்டில் போன பார்வை இனிமேல் வராதாம். சொட்டு மருந்து போட்டு இருப்பதைக் காப்பாற்றிக்கொள், வண்டி மட்டும் ஓட்டாதே என்றார்.

நான் ஓட்டுவது கோடவுனில் சரக்கைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி. மே கடைசியில்தான் பர்மனென்ட் ஆக்குகிறார்கள். எங்கள் சூப்பர்வைசர் கங்கையா அண்ணன் நகரியில் நம் தெருக்காரர். அவரிடம் ஒரு வார்த்தை சொன்னாலும் அன்றைக்கே என்னை வண்டியிலிருந்து இறக்கிவிடுவார். உன் காலில் விழுகிறேன், சொல்லிவிடாதே.

கிரண்குமார்

ராமகுப்பம்
21-4-2025

அன்புத் தம்பி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். பிறகு கங்கையா அண்ணனைக் கூப்பிடப் போனை எடுத்தேன். நகரியில் அந்தத் தறிச் சத்தத்திலிருந்து தப்பித்துப்போய் நீ சேர்ந்த வேலை இது. கெடுக்க மனசு வரவில்லை, வைத்துவிட்டேன்.

மே முடியும்வரை வாயைத் திறக்கமாட்டேன். கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஓட்டு. பர்மனென்ட் ஆனதும் வேறு வேலை கேட்டு வாங்கிக்கொள். சொட்டு மருந்தை மறக்காதே. இங்கே மனசே சரியில்லை.

அக்கா

ஸ்ரீ சிட்டி
19-5-2025

அக்கா,

சிட்டிபாபு செத்துவிட்டான். கோடவுனில் இடது பக்கமிருந்து வந்திருக்கிறான். என் வண்டி இடிக்கும்வரை அவன் அங்கே இருப்பதே எனக்குத் தெரியவில்லை.

போனைப் பார்த்துக்கொண்டே குறுக்கே வந்துவிட்டான் என்று கம்பெனியில் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். நானும் போட்டேன். என் கண் விஷயம் இங்கே யாருக்கும் தெரியாது. என் பழைய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

கிரண்

ராமகுப்பம்
28-5-2025

தம்பி,

வீட்டை விசாரித்துக்கொண்டு புத்தூருக்குப் போய் சிட்டிபாபுவின் அம்மாவைப் பார்த்தேன். வெங்கடம்மா என்று பேர். நான் யாரென்று சொல்லத் தைரியம் வரவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் புள்ள நடக்கசொல்லோ போனைத் தொடவேமாட்டாம்மா. செத்தவன் மேலயே பழியப் போட்டுட்டாங்களே" என்றாள். கையை விடுவித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

நேற்று அமாவாசை. டெலஸ்கோப்பை நான் வெளியே எடுக்கவில்லை.

ஏப்ரலில் போனை எடுத்தேனே, அப்போதே பேசியிருந்தால் உன் வேலை மட்டும்தான் போயிருக்கும். இன்று காலையில் பேசிவிட்டேன். கங்கையா அண்ணனிடம் உன் கண்ணைப் பற்றி எல்லாம் சொன்னேன். எனக்கு முன்பே தெரியும் என்பதையும் சொன்னேன். உன் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. போலீஸ் கேட்டால் கொடுத்துவிடுவேன்.

நீ இனிமேல் என்னோடு பேசமாட்டாய் என்று தெரியும். இத்துடன் சொட்டு மருந்து இரண்டு பாட்டில் அனுப்பியிருக்கிறேன். உன்னை எங்கே கொண்டுபோய் வைத்தாலும் வேளை தவறாமல் போட்டுக்கொள்.

ரோகிணி