பேசு என்று சொல்லக் கூடாது

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து பனிமூட்டம். எஸ்டேட் மஸ்டரில், காலை ஆள் கணக்கெடுப்பில், முப்பத்தெட்டுப் பேர். ரைட்டர் நான் பெயர் கூப்பிட்டால் "வந்துட்டனுங்க" என்று குரல் மட்டும் வருகிறது, முகம் தெரியவில்லை. கிளியூர் ஆட்கள் மூவர் வரவில்லை. காப்பிப் பழம் செடியிலேயே கனிந்து கிடக்கிறது.

சேலம் டாக்டரம்மா எழுதித் தந்த சீட்டை இதில் ஒட்டிவைக்கிறேன். தொலைத்தால் என் மனைவி சுமதி என்னைத் தொலைத்துவிடுவாள்.

1. பேசு என்று சொல்லக் கூடாது.
2. கேள்வி கேட்கக் கூடாது.
3. பேசிவிட்டால் கொண்டாடக் கூடாது. ஒன்றும் நடக்காதது போல இருக்க வேண்டும்.

மகள் தர்ஷினிக்குப் பிடிவாதம் இல்லையாம், பயமாம். வீட்டில் வாய் ஓயாத பிள்ளை. பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் தொண்டை அடைத்துக்கொள்கிறது. இப்போது மூன்றாம் வகுப்பு. சேர்ந்த நாளிலிருந்து அங்கே ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒன்றுக்குப் போகக் கேட்க முடியாது என்பதால் தண்ணீரே குடிப்பதில்லை. டாக்டரம்மா சொல்லித்தான் இது தெரிந்தது. இரண்டரை வருஷமாக அந்தப் பாட்டிலை நிரப்பிக் கொடுத்தது நாங்கள். அது நிறைந்தபடியே திரும்பி வந்ததைப் பார்த்ததும் நாங்கள். வெட்கமாக இருக்கிறது.

பாட்டில் இன்று: முழுசு.

நவம்பர் 4, செவ்வாய்

தூறல். டாக்டரம்மா சொன்ன வழி இதுதான். பள்ளி விட்டதும் காலி வகுப்பறையில் நானும் அவளும் மட்டும் பாம்பு ஏணி விளையாட வேண்டும், வாய்விட்டு எண்ணி. அறைக்கு அவள் குரல் பழகியதும் ரேவதி டீச்சர் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வருவார். வராந்தா, கதவு, கடைசி பெஞ்சு, இப்படி.

சாயந்திரம்தான் பழம் எடைபோடும் நேரம். மேனேஜரிடம் அரை மணி நேரம் கேட்டேன். "ஏனுங்க ரைட்டர், சீசன்ல போயி..." என்று இழுத்தார். காரணம் சொன்னேன். எடைக் கொட்டகைச் சாவியைத் தாமே வாங்கிக்கொண்டார். நல்ல மனுஷன்.

வகுப்பறையில் என் காதுக்குள்: "அப்பா, இங்க சத்தமா எண்ணோணுமா?"

"உன் இஷ்டம் சாமி."

உள்ளே தவிப்பு. வெளியே பெரிய ஞானி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 6, வியாழன்

டீச்சர் வராந்தாவில் நோட்டுத் திருத்தினார். செருப்புச் சத்தம் கேட்டதும் எண்ணுவது நின்றது. பத்து நிமிஷம் கழித்து "ரெண்டு" என்றாள், காற்று மாதிரி.

ஹெட்மாஸ்டர் வழியில் நிறுத்தினார். "அரையாண்டுக்குள்ள ஒண்ணும் தேறலீன்னா சேலத்துல ஹாஸ்டலோட ஸ்பெஷல் ஸ்கூல் இருக்குதுங்க. புள்ள நல்லதுக்குத்தான் சொல்றேன்."

எட்டு வயது. அவள் பேசுகிற ஒரே இடம் எங்கள் வீடு. அதையும் பறித்துவிட்டு எங்கே பேசுவாள்? சுமதியிடம் இன்னும் சொல்லவில்லை.

வீட்டில் என்னை நடித்துக் காட்டினாள். யார் லீவு கேட்டாலும் நான் இடுப்பில் கைவைத்து "பாக்கலாமுங்க" என்பேனாம். சுமதி சிரித்து மாளவில்லை. இதே வாய்தானே?

நவம்பர் 10, திங்கள்

மழை. சேலம் பஸ் லேட். எடைக் கொட்டகையில் பாப்பாத்தியக்கா: "வசம்ப ஒரசி நாக்குல வெச்சுப் பாருங்க ரைட்டரு. நொம்ப நல்லா பேச்சு வரும்." நாக்கில் குறையில்லை என்று எத்தனை பேருக்குச் சொல்வது.

டீச்சர் இன்று கதவருகே. எண்ணினாள்! பாட்டில்: முக்கால்.

பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மூன்று தடவை பார்த்தேன்.

நவம்பர் 12, புதன்

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

டீச்சர் கடைசி பெஞ்சில். தர்ஷினி "நாலு, அஞ்சு, ஆறு" என்று நன்றாகவே எண்ணினாள். என்னைப் பாம்பு கடித்ததும் சிரித்தாள். டீச்சர் குனிந்தபடி இருந்தார், பேனா நகரவில்லை. இரண்டரை வருஷத்தில் முதல் தடவை அந்தச் சிரிப்பைக் கேட்கிறார்.

அதோடு விட்டிருக்கலாம். மேசை மேல் வருகைப் பதிவேடு கிடந்தது. இந்தச் சூட்டிலேயே "உள்ளேன் டீச்சர்" என்பதையும் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். எடுத்துப் பிரித்து, மஸ்டர் குரலில், "தர்ஷினி!"

அவள் முகம் வெளுத்தது. பாவாடை நனைந்தது. டீச்சர் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து தரையில் ஊற்றினார்.

வழியெல்லாம் எனக்கு முன்னால் நடந்தாள். வீட்டிலும் பேசவில்லை.

நவம்பர் 13, வியாழன்

வீட்டிலும் பேசவில்லை.

சுமதி: "ஏனுங்க, அவ என்ன உங்க எஸ்டேட் ஆளா, பேரு கூப்புட்டதும் கைய தூக்க?" ஹாஸ்டல் விஷயத்தையும் சொல்லிவிட்டேன். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டரம்மாவுக்குப் போன். மன்னிப்பு ஒரே ஒரு தடவை கேளுங்கள், விளக்கம் சொல்லாதீர்கள், முதல் படியிலிருந்து தொடங்குங்கள் என்றார்.

"அப்பா பண்ணுனது தப்பு கண்ணு." என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

பாட்டில்: முழுசு.

நவம்பர் 16, ஞாயிறு

காலையில் வாளி எடுக்கப் பின்பக்கம் போனேன். உள்ளே சுமதியிடம், "அம்மா, சட்னி காரம்."

வாளியோடு அங்கேயே நின்றேன். உள்ளே போகவில்லை. போனால் கெடுத்துவிடுவேன். என் மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

நவம்பர் 18, செவ்வாய்

மறுபடி நாங்கள் இருவர் மட்டும். ஊமை ஆட்டம். காயை மட்டும் நகர்த்தினாள். நானும் எண்ணவில்லை.

நவம்பர் 21, வெள்ளி

டீச்சர் வராந்தாவில். என் காதில் "மூணு". இருமல் வந்தது, அடக்கிக்கொண்டேன். இருமினால்கூட ஓடிப்போகுமோ என்று பயம்.

நவம்பர் 25, செவ்வாய்

மழை விட்டு வெயில். பாட்டில்: பாதி.

டீச்சர் கடைசி பெஞ்சுக்கு வந்தார். தர்ஷினி பாம்பு ஏணி அட்டையை மடித்தாள். சரி, இன்றைக்கு அவ்வளவுதான் என்று நினைத்தேன். பையிலிருந்து பழைய நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு மேசைக்குப் போய், இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"பாப்பாத்தி."

மெல்லிய குரல்தான். ஆனால் கடைசி பெஞ்சு வரை போகும். மஸ்டர் எடுக்கிறாள் என்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. "வந்துட்டனுங்க" என்றேன். டிக் போட்டாள்.

"மாரியம்மா."

"வந்துட்டனுங்க."

"ரேவதி."

பின்னாலிருந்து டீச்சர், "வந்துட்டனுங்க." அதற்கும் ஒரு டிக்.

"தர்ஷினி."

யாரும் பேசவில்லை. என் வாய் வரை வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் காலி பெஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"வரலீங்க" என்று சொல்லி முட்டை போட்டாள்.

டீச்சர் நோட்டிலிருந்து தலை தூக்காமலே அவளிடம் கேட்டார்: "ஏனுங்க ரைட்டர், நாளைக்காச்சும் அந்தப் புள்ள வருமுங்களா?"

கேள்வி! கேட்கவே கூடாது என்று சீட்டில் இருக்கிறதே. தர்ஷினி பென்சிலைக் கடித்தபடி யோசித்தாள். டீச்சரையே நேராகப் பார்த்தாள்.

"பாக்கலாமுங்க" என்றாள்.