மன்னருக்காகப் பொங்காத மண்

திரு ஓங்குக. ஏரிகள் நிறைக, எல்லைகள் அமைக, எடுத்த வாள்கள் உறையில் உறங்குக. செங்குன்ற நாடுடையவரும், மலைவாயில்கள் அனைத்தையும் காத்தவரும், அடைந்தார்க்கு அடைக்கலமும் ஆகிய கோமான் நன்மாவேள் தேவர் திருவடிகளுக்கு, அவருடைய பேரமைச்சன் காரிநம்பி, புதுநகராம் நன்மாவேள்புரத்திலிருந்து வணங்கி விடுக்கும் ஓலை. தலைநகரில் தேவரீரும் தேவியாரும் நலமே இருக்க வேண்டுகிறேன். இங்கே நலம் என்று எழுத எழுத்தாணி ஓடவில்லை.

புதுமனை புகுவிழாவுக்கு முன்னே சென்று அரண்மனையைப் பார்த்து வருமாறு தேவரீர் பணித்தபடி வந்தேன். மனை எழுந்த காலமெல்லாம் கடல்கடந்து தூதில் இருந்தமையால் இந்நிலத்தை அடியேன் இப்போதுதான் காண்கிறேன். கண்டதும் திடுக்கிட்டேன். எங்கு நோக்கினும் கோடையில் வெடித்த கரிசல் வெளி. வெடிப்பு ஒன்றில் என் கைக்கோலை விட்டேன்; கோல் முழுதும் உள்ளே போயிற்று. அதே வெடிப்பு அரண்மனை வரை ஓடி அதன் கடைக்காலுக்கு அடியில் நுழைந்திருந்தது. பெருவாயிலில் நிலை சாய்ந்துவிட்டதால், காவலர் கூடித் தள்ளியும் கதவு சாத்த வரவில்லை. கூடத்துச் சுவர்களில் அழகிய பூங்கொடிகள் எழுதியிருந்தன. ஓவியரைப் பாராட்டலாம் என்று அருகே போய் விரலால் தடவினேன். ஒவ்வொரு கொடியின் தண்டும் ஒரு விரிசல். சாந்து பூசிச் சலித்தவர்கள் விரிசலையே கொடியாக்கி இலையும் பூவும் சேர்த்திருக்கிறார்கள். சுவர் மேலும் பிளக்கப் பிளக்க ஓவியர் மேலும் இலை வரைந்துகொண்டே போகிறார். இப்படியும் ஒரு துணிவு உண்டா?

பெருந்தச்சர் மூவாதியாரை அழைத்து, மண் பாராமலா மனை எடுத்தீர் என்று கேட்டேன். பார்த்தோம் என்றார். பார்த்த விதத்தையும் சொன்னார். குழி தோண்டி, எடுத்த மண்ணை அப்போதே அக்குழியில் திரும்ப இட வேண்டும். மிஞ்சினால் நிலம் உத்தமம், குறைந்தால் ஆகாது. நம் நாட்டில் இது யாவரும் அறிந்த வழக்கம். ஆனால் தேவரீர் பிறந்த நாள்மீன் வரட்டும், அதன் பின் குழியை மூடலாம் என்று அரசவைக் கணியர் நிறுத்தி வைத்தாராம். குவித்த மண் திறந்த வெளியில் கிடந்தது. இடையில் கோடைமழை கொட்டித் தீர்த்தது. கரிசல் அந்த நீரையெல்லாம் குடித்து உப்பியது. நல்ல நாளில் அள்ளி இட்டபோது குழி நிரம்பி வழிந்ததில் வியப்பு என்ன இருக்கிறது? மன்னருக்காக மண் பொங்கியது என்று கணியர் அறிவிக்க, மகளிர் குலவையிட, ஊரெங்கும் முரசறைந்தார்களாம். மண் ஊறியதால் வந்த பொங்கல் இது என்று தமக்குத் தோன்றியதாகவும், முரசு முழங்கிய பின் அதை எவரிடம் போய்ச் சொல்வது என்று இருந்துவிட்டதாகவும் பெருந்தச்சர் கூறினார். அவரைக் கடிந்து பயனில்லை. நம் அவையில் அத்தகைய சொல்லுக்கு இடம் இருந்ததில்லை என்பதைத் தேவரீரும் அறிவீர்.

இவ்வெளியில் பருத்தி விளைப்போரையும் விசாரித்தேன். சுற்றுவட்டாரத்தில் ஒரு கற்சுவர்கூட இல்லாதது அரண்மனைக்காரர் கண்ணில் படவில்லையா, தாங்கள் தட்டியும் கூரையுமாக இருப்பது ஆசைப்பட்டா என்று சிரித்தார்கள். மண்ணைப் பழிக்க வேண்டாம், பருத்திக்கு இதைவிட நல்ல மண் கிடையாது, சுவருக்குத்தான் ஆகாது என்றும் சொன்னார்கள். அடியேன் ஒரு சட்டி நிறைய உலர்ந்த கரிசலை இட்டு நீர் வார்த்தேன். மறுநாள் அது சட்டியின் வாய்க்கு மேல் எழும்பி நின்றது. வெயிலில் வைத்தேன், சுருங்கி, விரல் நுழையும் அளவுக்குச் சட்டியை விட்டு விலகியது. மனையின் அடியில் நடப்பதும் இதுவே. கோடையில் பிளந்த சுவரைக் கார்மழையில் இம்மண் கீழிருந்து தூக்கும்போது என்ன ஆகும் என்று சொல்லவும் வேண்டுமா? மேற்கே மேகம் திரண்டுவிட்டது.

இத்தனையும் பொறுக்கலாம். தேவரீரின் ஒரே தங்கையார் நீலிநங்கையார், நிறைமாதக் கருவோடு, விழாவுக்குக் காத்திராமல் இம்மனையில் முன்னரே குடிபுகுந்திருக்கிறார். இருப்பதிலேயே பெரிய கொடி அவர் கட்டிலின் தலைமாட்டில்தான் படர்ந்திருக்கிறது. வெளியேறுமாறு மன்றாடினேன். அண்ணனுக்காகப் பொங்கிய மண்ணை விட்டுத் தாம் ஓடினால் நாடே அண்ணனைப் பார்த்துச் சிரிக்கும் என்றும், மண் பொங்கவில்லை என்று அண்ணனே சொன்னாலன்றி எழுவதில்லை என்றும் உறுதியாகக் கூறிவிட்டார்.

இன்று முற்பகலில் அவருக்கு இடுப்புவலி கண்டது. தலைநகருக்கு ஓலை போய் மீள நேரமில்லை. தூது செல்லும்போது தேவரீர் ஒப்புவித்த முத்திரைக் கணையாழி இன்னும் என் விரலில் இருந்தது. தேவரீர் பெயரால் ஓர் ஓலை எழுதினேன். மண் எனக்காகப் பொங்கவில்லை, மழையில் ஊறிப் பொங்கியது, புகழ்ச்சியில் மயங்கி அதை நம்பியது என் பிழை, தங்கை உடனே வெளியேறுக என்பதே அதன் வாசகம். அரச முத்திரையும் இட்டு, தலைநகரிலிருந்து வந்ததாகப் படித்துக் காட்டினேன். அண்ணன் இத்தனை பெரியவர் என்று இதுவரை தமக்குத் தெரியாமல் போயிற்றே என்று சொல்லி நங்கையார் கண்ணீர் விட்டார். பிறகு பல்லக்கும் வேண்டாமென்று, தோழியரைப் பற்றிக்கொண்டு நடந்தே வெளியே வந்தார். இப்போது பருத்திக்காரர் குடிசை ஒன்றில், மருத்துவச்சியர் நடுவே இருக்கிறார்.

மனையை வெறுமையாக்கி வாயிலில் காவல் வைத்துவிட்டேன். இனி இந்நாட்டில் நிலம் கொள்வாரும், வீடு எடுப்பாரும், தோப்பு வைப்பாரும், அவ்வூராரைக் கேட்டு, அம்மண்ணைக் கோடையிலும் மழையிலும் பார்த்த பின்னரே மண்வெட்டியைத் தொட வேண்டும் என்று ஆணை பிறப்பிக்குமாறு வேண்டுகிறேன்.

மழை இன்னும் இறங்கவில்லை. சுவர் இன்னும் நிற்கிறது. ஆகையால் நான் எழுதியது பொய்யென்று தேவரீர் மறுத்தால், நங்கையார் பிறக்கும் பிள்ளையை எடுத்துக்கொண்டு அதே அறைக்குத் திரும்பிவிடுவார். மன்னர் சொல்லைத் திருடியவன் தலை மன்னருக்கு உரியது. தலைநகர் வந்து நானே ஒப்புவிப்பேன். மன்னருக்கு அமைச்சன் ஆணையிடும் வழக்கம் எந்நாட்டிலும் இல்லை. ஆயினும் இடுகிறேன். அச்சொல் தம்முடையதே என்று தம் கைப்பட எழுதி, இவ்வோலை கொணர்ந்த குதிரையிலேயே தங்கையாருக்கு அனுப்புக.

இதில் இட்ட முத்திரை அடியேனுடையது. தேவரீரின் கணையாழியைக் கழற்றி இத்துடன் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
காரிநம்பி.