கல்லுளிமங்கனுக்கு

“நிறைய தண்ணி குடிச்சா கல்லு தானா வெளிய வந்துடும்னு மாடிவீட்டுக்காரர் சொல்றாருங்க.”

“டயாலிசிஸ்காரனுக்குத் தண்ணி அளந்துதான்னு சொல்லு. என் பங்கையும் அவரையே குடிக்கச் சொல்லு.”

நேற்று வலியில் முகம் வெளுத்திருந்தபோதும் இப்படிச் சொன்னீர்களே, அதை நினைத்துச் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். வலியை வாய்விட்டுச் சொல்லாததால்தான் கோபத்தில் “கல்லுளிமங்கன்” என்றேன். “உள்ள கல்லை வச்சுக்கிட்டு வேற எப்படி இருப்பேன்?” என்றீர்கள். உங்களோடு சண்டைகூடப் போட முடியவில்லை.

தையற்கடையை இன்று நான்தான் திறக்க வேண்டும். உப்புக் குறைத்த சாப்பாடு மேசையில் மூடியிருக்கிறது. தாகத்துக்கு ஐஸ்கட்டி ஒன்றை வாயில் அடக்கிக்கொள்ளுங்கள். டயாலிசிஸுக்கு உங்கள் தம்பி அழைத்துப்போவார். வீட்டுச் சாவியை மாடிவீட்டில் கொடுங்கள். நர்ஸிடம் ஜோக் மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள், வலியையும் சொல்லுங்கள்.

தாளின் ஓரத்தில் இடமிருக்கிறது, அதனால் இதையும் எழுதுகிறேன். வலி வந்தால் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, எனக்குக் கேட்காமல் அந்தச் சத்தத்தில் முனகுகிறீர்கள். எனக்குத் தெரியும். உங்கள் நெஞ்சுரம் யாருக்கும் வராது. ஆனால் ரொம்ப நாளாகக் கேட்க நினைத்தது ஒன்று உண்டு: இனி அந்தக் குழாயை மூடிவிட்டு, என் தோளில் சாய்ந்து முனகுங்கள்.