பீர்க்கங்கொடி மூடிய சுவர்

மார்ச் 9
பொதுத் தோட்டத்துச் சுவரில் மகள் வரைந்த ஓவியம் முடிந்தது. பழைய அரிசிக் கிடங்கின் சுவர் முழுக்க எங்கள் சந்துக்காரர்களின் முகங்கள். என்னுடையதும் உண்டு, ஸ்கூட்டர் டயர் அளவுக்கு.

"மூக்கைக் கொஞ்சம் சின்னதா போட்டிருக்கலாமே" என்றேன்.

"சுவர்ல எடம் இருந்துச்சுப்பா. அதான் உள்ளபடியே போட்டேன்."

படிப்பு தைப்பே படிப்பு. பேச்சில் என் மகள் யூச்சிங் அவள் அம்மாவை உரித்து வைத்திருக்கிறாள். சுவரடியில் முழங்காலுக்கு மேல் எதுவும் வளரக் கூடாது என்பது அவள் கட்டளை. மஞ்சள் மேல்சட்டை போட்ட தோட்டத் தொண்டர்கள் நாங்கள் அடக்கமாகச் செவ்வந்தி நட்டோம்.

மார்ச் 12
தைப்பேயில் தற்காலிக வேலை, கிளம்பிவிட்டாள். அங்கேயே நிரந்தர வேலையும் தருகிறார்களாம். சுவர்த் திறப்பு விழா முடிந்துதான் பதில் சொல்வாளாம். விழாவுக்கு வரும் பக்கத்து வார்டு தலைவருக்குச் சுவர் பிடித்தால் அவர்கள் பூங்காச் சுவரும் இவளுக்குத்தான். அப்புறம் எங்கள் ஊர் தைனானை விட்டுப் போக வேண்டியதில்லை.

"பெட்டிச் சக்கரம் ஒடைஞ்சிருக்கு, பாத்துத் தாங்கப்பா" என்றாள். உதிரிபாகம் கிடைக்கவில்லை என்றேன். தலை நரைக்கும்வரை ஸ்கூட்டர் பழுதுபார்த்தவன் சொல்கிற பேச்சா இது? தோள்பையோடு போய்விட்டாள். பெட்டி இங்கே இருக்கிறது. பெட்டி இருந்தால் ஆள் வரும்.

மார்ச் 20
பக்கத்து வீட்டு சியூகிம் அக்கா கையில் ஒரு பீர்க்கங்கன்று.

"செவ்வந்திக்கு நடுவுல மண்ணு சும்மா கெடக்கு, பாத்தாலே வயிறு எரியுது. பூவையா வதக்கித் திங்கப் போற, ஆஹுவெய்?"

எங்கள் ஊரில் வெறும் மண்ணைப் பார்த்துச் சும்மா இருப்பவர் யார்? ஒரே ஒரு கன்றுதானே. நானே குழி தோண்டினேன்.

ஏப்ரல் 6
மீன் கழுவிய தண்ணீர் ஊற்றுகிறேன். கன்று நன்றாக வருகிறது.

ஏப்ரல் 28
ரொம்பவே நன்றாக வருகிறது. சுவரில் எங்கள் வார்டு தலைவரின் தாடையைப் பிடித்துவிட்டது. திருப்பிவிடலாம் என்று கம்பு நட்டேன். கம்பில் ஏறி அவர் நெற்றிக்குப் போய்விட்டது.

மே 19
சுவரைக் காணோம். எல்லாம் பச்சை.

கத்தரிக்கோலோடு போனேன். சியூகிம் அக்கா குறுக்கே நின்றாள். "காய்க்கிற கொடிய வெட்டுவியா? மொதல்ல என் கைய வெட்டு!" அவளுக்குப் பின்னால் சந்து அக்காமார் அத்தனை பேரும். திரும்பி வந்தேன் — பீர்க்கங்காயோடு. மட்டி போட்டுச் சமைத்தோம். ருசியாக இருந்தது, அதுதான் இன்னும் வெட்கம்.

போனில் மகள்: "சுவர் எப்படிப்பா இருக்கு?"

"பசுமையா இருக்கும்மா."

ஜூன் 7
நாளை திறப்பு விழா. யூச்சிங் வந்துவிட்டாள். தோள்பையை இறக்காமலே தோட்டத்துக்குப் போய் நின்றாள். சுவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, "யாரு நட்டது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சியூகிம் அக்காவும்தான்!

"நான்தாம்மா... இப்பவே வெட்டிடறேன்."

ஒரு இலையைத் தூக்கினாள். கீழே சியூகிம் அக்காவின் கண். இலையை விட்டாள். "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று வந்து படுத்துவிட்டாள். தைப்பேக்கே போய்விடுவாளோ? அதுவும் என் மீன் தண்ணீராலா?

ஜூன் 8
நான் எழுந்தபோது அவள் வீட்டில் இல்லை. ஓடினேன். தோட்ட வாசலில் ஒரு பலகை: 'உங்கள் முகத்தைத் தேடிக் கண்டுபிடியுங்கள்.'

விழாவுக்கு வந்த ஊரே கையில் ஒட்டரிசிச் சோற்றுப் பொட்டலத்தோடு இலைகளைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறது. "அய்யோ, இது நான்! இவ்ளோ கிழவியாவா இருக்கேன்?" என்று சியூகிம் அக்கா அலறினாள். "இல்ல அக்கா, இலை மறைக்குது" என்றேன். முதுகில் ஒன்று வைத்தாள்.

தேடாமல் தெரிந்தது என் முகம் மட்டும்தான். அதைச் சுற்றி இலைகளை யாரோ கிள்ளியிருந்தார்கள். மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் நீளமாக ஒரு பீர்க்கங்காய். யூச்சிங் விரல்களில் பச்சைக் கறை.

பக்கத்து வார்டு தலைவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "எங்க சுவருக்கும் இதே மாதிரி வேணும்மா. கொடியோட."

ஜூன் 15
பெட்டிச் சக்கரத்தைச் சரிசெய்தேன். ஊற்றிய டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

"உதிரிபாகம் கெடைச்சிருச்சாப்பா?"

"நேத்துதான் வந்துச்சு."

பெயிண்ட் டப்பாக்களை அதற்குள் அடுக்கினாள். ஓரத்தில் என் பீர்க்கங்கன்றுகளுக்கும் இடம் விட்டாள். பக்கத்து வார்டு வரைக்கும் உருட்டிக்கொண்டு போனாள். தெருமுனை திரும்பும்வரை கேட்டுக்கொண்டு நின்றேன். சக்கரத்தில் சத்தமே இல்லை.